எனக்கு ஒரு நிமிஷ மௌனம்

ஓரமாக உட்காருங்க சார். நடு சீட்டுக்கு மேலே தகரத்தில் ஓட்டை, வெயில் நேராக மண்டையில் இறங்கும். எந்த பஸ்? பிராட்வேயா? சரிதான், அது இப்போதுதான் போனது. அடுத்தது வருவதற்குள் ஒரு பிள்ளை பிறந்து, பேர் வைத்து, மொட்டையும் அடித்துவிடலாம். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் இந்த நிழற்குடையில் குடியிருக்கிறவன். காலை ஏழரையிலிருந்து சாயங்காலம் ஐந்து வரைக்கும். ஞாயிறு லீவு.

பிச்சைக்காரன் என்று நினைத்துவிடாதீங்க. எனக்கு வீடு இருக்கிறது. அதோ, எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசை கட்டி நிற்கின்றனவே, அதில் மூன்றாவது பிளாக், ஆறாவது மாடி. லிப்ட்டும் இருக்கிறது. திறப்பு விழாவன்றைக்கு மந்திரியை மேலே கொண்டுபோய் விட்டதோடு அது களைத்துவிட்டது. வீட்டில் மகள் இருக்கிறாள், பேத்தி இருக்கிறாள். நான் மட்டும்தான் இல்லை. நான் செத்துப்போய்விட்டேன்.

சிரிக்காதீங்க சார். சாட்சி இருக்கிறது. இருபத்தெட்டுப் பேர் எழுந்து நின்று எனக்காக ஒரு நிமிஷம் மௌனம் அனுசரித்தார்கள். நானும் கூடவே நின்றேன். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை?

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பேர் கன்னியப்பன். ஹார்பரில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டினவன். இந்த மெட்ராஸிலேயே யானையைக் கப்பலில் ஏற்றினவன் நான் ஒருத்தன்தான். ஜெர்மனிக்குப் போன யானை. வயிற்றுக்கு அடியில் பட்டை கட்டி நூறு அடி உயரம் தூக்கினேன். மேலே போனதும் அது என்ன செய்தது தெரியுமா? கேபினுக்குள் தும்பிக்கையை விட்டு, என் சட்டைப் பையில் இருந்த வேர்க்கடலையை எடுத்துத் தின்றது. தின்றுவிட்டுத் தும்பிக்கையைத் தூக்கி ஒரு சலாம். கீழே நின்ற மேஸ்திரி மயக்கம் போட்டான். சத்தியம் சார். என் பேத்தி தலையில் அடித்துச் சொல்வேன். வேண்டாம், அவள் தலை வேண்டாம். என் தலையிலேயே அடித்துச் சொல்கிறேன்.

ரேஷன் கார்டில் என் பேர் காசிமேட்டில் மகன் வீட்டில் இருக்கிறது. உடம்பு இங்கே மகள் வீட்டில் இருக்கிறது. மருமகளுக்கு என் யானை பிடிக்கவில்லை, வேறொன்றும் இல்லை. மகள் தேசராணி அப்படி இல்லை. யானைப் பால் குடித்த மாதிரி என் கதை குடித்து வளர்ந்தவள். ஆற்றோரத்தில் இருந்த குடிசையை எடுத்து எங்களை இந்தக் கட்டடத்துக்குக் கொண்டுவந்து போட்டார்களே, அப்போதுகூட ஆட்டோவில் சாமான் ஏற்றிக்கொண்டே, "நைனா, நீ முன்னாடி வந்து குந்து, உன் கால் மடங்காது" என்றாள். அப்படிப்பட்ட மகள். மாப்பிள்ளை திருப்பூர் போகிறேன் என்று போனவன். முதலில் பணம் நின்றது, பிறகு போன் நின்றது, அப்புறம் ஆளே நின்றுவிட்டான்.

இவள் கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போனாள். எட்டு மணிக்குள் கைரேகை வைக்க வேண்டும். பேத்தி ஜோஷிகாவுக்கு அப்போது மூன்றரை வயது. பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேனே! ராஜா மாதிரி பார்த்துக்கொண்டேன் சார். டீக்கடைக்குப் போனால் அவளும் வருவாள். பன்னைத் தொட்டுத் தொட்டுத் தின்பாள். நான் யானை கதை சொன்னால், "தாத்தா, கடல இல்ல, நேத்து பொரின்னு சொன்ன" என்று திருத்துவாள்.

ஒரே ஒரு நாள் ஒரு சின்ன விஷயம் நடந்தது. டீக்கடையில் நல்ல கூட்டம். நான் கேபினில் ஏறி உட்கார்ந்து யானையைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன். பாதியில் இறக்க முடியுமா? பிள்ளை கொஞ்சம் நடந்துவிட்டது. பத்து நிமிஷம்தான். பிளாக்குக்குப் பின்னால் தண்ணித்தொட்டி இருக்கிறது, தரைமட்டத் தொட்டி. அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். தையல்கார அம்மா ஒருத்தி பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். தொட்டிக்கு மூடியெல்லாம் இருந்தது சார். ஊர்தான் அதைப் பெரிசாக்கிவிட்டது. ஊருக்கு எதையும் உள்ளபடி சொல்லத் தெரியாது.

அதற்கு அடுத்த மாதம் இவள் பிள்ளையைக் கொண்டுபோய் அந்த மையத்தில் சேர்த்தாள். எதிரே தெரிகிறதே, மஞ்சள் பெயிண்ட், வாசலில் சின்னச் சின்னச் செருப்பு, அதுதான். குடும்பத் துணை மையம். ஒரு டிரஸ்ட்காரர்கள் நடத்துகிறார்கள். வேலைக்குப் போகிற தாய்மாருடைய பிள்ளைகளைக் காலை ஏழு மணியிலிருந்து பார்த்துக்கொள்வார்கள். பால், முட்டை, மத்தியானம் பாயில் தூக்கம். மாதம் ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். புருஷன் அடித்தால் பேச ஆள், பிள்ளைக்குச் சளி என்றால் நர்ஸ், மனு எழுதத் தெரியாவிட்டால் எழுதிக் கொடுக்க ஆள். நல்ல இடம் சார், நான் குறையே சொல்ல மாட்டேன். இருப்பது முப்பது இடம். கேட்டு வந்தது இருநூறு பேர்.

சேர்த்துவிட்டு வந்து மகள் சொன்னாள், "நைனா, டாக்டர் சொன்னாரு, உனக்கு எலும்புல சத்து இல்லியாம். பகல்ல வீட்ல அடஞ்சு கெடக்கக் கூடாதாம். வெயில் படணுமாம். பஸ் ஸ்டாண்டுல போய் உக்காரு, நாலு பேர பாத்தாப்லயும் இருக்கும்."

டாக்டர் எப்போது என்னைப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. மகள் அக்கறையாகச் சொல்கிறாள், கேள்வி கேட்பானா தகப்பன்? தினமும் டிபன் கேரியரில் சோறு கட்டிக் கொடுத்தாள். மூன்று அடுக்குக் கேரியர். அவள் கல்யாணத்துக்கு நான் சீர் வைத்தது. மேல் மூடியில் பேர் வெட்டியிருக்கும், 'அன்பளிப்பு அ. கன்னியப்பன்' என்று. பாத்திரக்கடைக்காரன் 'கன்னி'யோடு நிறுத்தப் பார்த்தான், இடம் இல்லையாம். எழுத்தைச் சின்னதாக்குடா, என் பேரைச் சின்னதாக்காதே என்று சண்டை போட்டு வெட்ட வைத்தேன்.

ஒரு சங்கதி மட்டும் எனக்கு விளங்கவில்லை. காலையில் அவளும் பிள்ளையும் முன்னால் இறங்கிப் போவார்கள். நான் பத்து நிமிஷம் கழித்துத்தான் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்க வேண்டும். சாயங்காலமும் அப்படியே, அவர்கள் முன்னால், நான் பின்னால். "ஏம்மா?" என்றால், "உன் நடைக்கு எங்களால நிக்க முடியாது நைனா" என்பாள். நியாயம்தானே?

இப்படி இரண்டு மாதம். இந்த நிழற்குடையில் நான் கதை சொல்ல, பஸ்ஸை விட்டவர்கள் எத்தனையோ பேர். ஒருநாள் அந்த மையத்தின் பொறுப்பாளர் பெனிட்டா மேடமே நின்று கேட்டார். இளவயசுதான், கண்ணாடி போட்டவர், சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வார். யானை சலாம் வைத்ததும் பொத்திக்கொண்டார்.

"ஐயா, நாளைக்கு எங்க சென்டர்ல பேரண்ட்ஸ் மீட்டிங். அம்மாங்க பேசுறப்ப பசங்க ஒரே கத்தல். நீங்க வந்து ஒரு மூலையில கதை சொல்லி உக்கார வைக்க முடியுமா?"

எனக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. மகளிடம் சொல்லவில்லை. நேரில் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். ஒரு பெரிய அறை. நடுவில் பீரோவை இழுத்துவிட்டு மறைப்பு. அந்தப் பக்கம் தாய்மார்கள் வட்டமாக, இந்தப் பக்கம் பிள்ளைகள். நான் பின்வாசல் வழியாக வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். ஜோஷிகா என்னைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. விரலை வாய்மேல் வைத்தாள். அடடா, எல்லாரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொல்கிறாள், என்ன ஒழுங்கு என்று பூரித்துப்போனேன்.

நான் யானைக்குப் பட்டை கட்டுகிறேன். அந்தப் பக்கம் ஒரு பந்தைக் கைமாற்றி விளையாட்டு. யார் கைக்கு வருகிறதோ அவர் தன் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருத்தி சொன்னாள், ஒருத்தி அழுதாள். அப்புறம் என் மகள் குரல்.

"நான் தேசராணி. மூணாவது பிளாக். நானும் எம் பொண்ணும்தான்."

பெனிட்டா மேடம் கேட்டார், "துணைக்குப் பெரியவங்க யாருமே இல்லியாம்மா?"

"அம்மா போயி ஆறு வருஷம் ஆவுது மேடம். நைனா போன வருஷம்."

யானை அந்தரத்தில் நின்றது சார்.

"எப்படிம்மா?"

"ஹார்பர்ல மேடம். கிரேன்ல இருந்து விழுந்துட்டாரு. ரிட்டையர் ஆயி வருஷமாச்சு. ஆனா அந்த கிரேன் மேல அவருக்கு உசுரு. ஒரு தபா ஏறிப் பாத்துட்டு வரேன்னு போனவரு..." அங்கே நிறுத்தினாள் பாருங்க! அந்த நிறுத்தத்துக்கே கைதட்ட வேண்டும். "சட்டப் பையில கடலப் பொட்டலம் அப்படியே இருந்திச்சு மேடம்" என்று முடித்தாள். அந்தப் பக்கம் நாலைந்து பேர் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

கடலைப் பொட்டலம் என்னுடையது சார். என் கதையிலிருந்து திருடியது. பெற்ற தகப்பனைப் பற்றி, அதுவும் அவன் கடலையை வைத்தே, ஒருத்தி பொய் சொல்லலாமா? பொய் என்றாலே எனக்கு ஆகாது.

மேடம் சொன்னார், "எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிப்போம். தேசராணியோட அப்பாவுக்காக." பிறகு பீரோவுக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, "ஐயா, நீங்களும் வாங்க" என்றார்.

போனேன். வட்டத்தில் ஒரு இடம் விட்டார்கள். எல்லாம் வேறு பிளாக்குப் பெண்கள், என்னைத் தேசராணியின் அப்பா என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மகளுக்கு நேர் எதிரே. அவள் தலை நிமிர்ந்தாள். சார், கிரேனில் கம்பி அறுந்து சரக்கு விழுகிறபோது கீழே நிற்பவன் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்தாள். ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் மூடவில்லை. ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்காக யாரும் இன்னும் அப்படி நிற்கவில்லை.

வாயைத் திறக்கவில்லை சார். ஏன் என்று கேட்காதீங்க. நல்ல கதையின் நடுவில் எழுந்து கத்துகிற பழக்கம் எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், திரும்பவே இல்லை.

"சேக்கற பாரத்துல கேட்டிருந்தாங்க நைனா. வீட்டுல கொழந்தைய பாத்துக்க பெரியவங்க இருக்காங்களான்னு. இருக்காங்கன்னா எடம் கெடையாது. திடீர் திடீர்னு வீட்டுக்கு வந்து பாப்பாங்க."

"அதுக்கு? உசுரோட இருக்கிறவனை சாவடிப்பியா?"

"காசிமேட்டுல அண்ணங்கூட இருக்காருன்னு எழுதினா, 'கூட்டிட்டு வாங்களேன், பாத்துக்கட்டுமே'ன்னு சொல்வாங்க. செத்தவர யாரும் கூப்ட சொல்ல மாட்டாங்க."

"பாத்துக்க நான் இல்லியா?"

அப்போது திரும்பினாள். கையில் களைந்த தண்ணீர் சொட்டுகிறது. "இருக்கியா? நீயே சொல்லு நைனா. இருக்கியா?"

"பத்து நிமிஷம்..."

"தையக்காரக்கா ஒன்னரை மணிக்குப் பாத்தா. நீ பன்னெண்டு மணிக்கு டீக்கடைக்குப் போன. மூடி இல்ல நைனா. கால உள்ள தொங்கப் போட்டு உக்காந்திருந்தா."

பாதி மூடி இருந்தது சார். நான் போய்ப் பார்த்தேனே. சரி, ஒரு அரைமணி நேரம் ஆகியிருக்கும் என்றே வையுங்க. அன்றைக்குக் கடைக்காரன் இரண்டாவது ஈடு பஜ்ஜி போட்டான், அது ஞாபகம் இருக்கிறது. அதற்காக? முப்பத்திரண்டு வருஷம் நான் தூக்கின சரக்கில் ஒன்றைக் கீழே போட்டதில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் படணும், எலும்பில் சத்தில்லை! இரண்டு மாதம் என்னை ஊறுகாய் மாதிரி வெயிலில் வைத்திருக்கிறாள், நானும் மகள் அக்கறை என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். முடிவு பண்ணினேன். திங்கட்கிழமை போய் உண்மையைச் சொல்லிவிடுவது. நடப்பது நடக்கட்டும். இடம் போனால் போகட்டும். நான் உசுரோடு இருக்கிறேன் என்று ஒரு மனுஷராவது தெரிந்துகொள்ளட்டும்.

போனேன். "மேடம், தேசராணியோட அப்பா சாகல. நான்தான் அவ அப்பா. ஆறாவது மாடியில அவ கூடத்தான் இருக்கேன்."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயா! சனிக்கிழம யானை, இன்னிக்கு இதுவா?"

"இல்ல மேடம், இது நெசம்."

"யானையும் நெசம்னுதானே சொன்னீங்க?"

"யானையும் நெசந்தான். இது அதவிட நெசம்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "ஐயா, அந்தப் பொண்ணு அப்பாவ பறிகொடுத்தவ. அதுல விளையாடாதீங்க." குரல் சாந்தமாகத்தான் இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாட்சி கேட்டேன். ஜோஷிகாவைக் கூப்பிடச் சொன்னேன். கையில் களிமண்ணோடு வந்து நின்றாள். "குட்டிம்மா, சொல்லுடா, நான் யாரு?"

என்னைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். "கத சொல்ற தாத்தா."

"உன் தாத்தா எங்கடா செல்லம்?"

களிமண் கையை மேலே தூக்கினாள். "எங்க தாத்தா கிரேன்ல இருந்து விழுந்து செத்துட்டாரு. யானை மேல விழுந்தாரு. யானை அழுதுச்சு. அழுதுட்டு இப்டி சலாம் வச்சுச்சு." தும்பிக்கை மாதிரி கையை வைத்துக் காட்டினாள்.

யானை அழுதது என்று அவள் அம்மாகூடச் சொல்லவில்லை சார். அது இவள் சொந்தச் சரக்கு. நாலு வயசு! எனக்கு நெஞ்சை அறுத்தது, அந்த நெஞ்சுக்குள்ளேயே ஒரு மூலை, சபாஷ் என்றது. பாழாய்ப்போன மூலை.

கடைசியாக ஒன்று இருந்தது. கையில் இருந்த கேரியரைத் தூக்கி மேஜைமேல் வைத்தேன். "மூடியப் படிங்க மேடம். அ. கன்னியப்பன். நான்தான். மகளுக்கு நான் வச்ச சீரு."

மேடம் படித்தார். ஒரு அலமாரியைத் திறந்து பேத்தியின் தின்பண்ட டப்பாவை எடுத்தார். அதிலும் அதே எழுத்து, அதே பேர். அதுவும் நான் வைத்த சீர்தான், ஒரே கடை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன் சார்.

"ஐயா," என்றார் மெதுவாக, "இது இறந்துபோனவர் ஞாபகமா அந்தப் பொண்ணு வச்சிருக்கிற பாத்திரம். உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

கேட்டீங்களா? என் பேர் வெட்டின பாத்திரத்தை நானே திருடினேன். பேர் வெட்டினால் பாத்திரம் தொலையாது என்பார்கள், வாஸ்தவம். பாத்திரம் பத்திரமாக இருக்கிறது. பேருக்குச் சொந்தக்காரன்தான் தொலைந்தான்.

"பசின்னா சொல்லுங்க ஐயா, இங்கயே சாப்பிடுங்க" என்றார். கேரியரைத் திருப்பித் தரவில்லை, "தேசராணி வந்ததும் கொடுத்திடறேன்" என்று எடுத்து வைத்துக்கொண்டார். அன்றைக்கு அந்த மையத்துச் சாம்பார் சாதமும் முட்டையும் சாப்பிட்டேன். பேத்திக்கு நாலு பாய் தள்ளி. நல்ல சாம்பார், அதையும் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் மகள் கேரியரோடு வீட்டுக்கு வந்தாள். மேடம் எல்லாம் சொல்லியிருப்பார். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் நானும் கத்தலாம். அவளோ கேரியரைத் துடைத்துப் பரண்மேல் ஏற்றினாள். எனக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், எதிரே உட்கார்ந்து நான் தின்பதைப் பார்த்தாள். "நாளைக்கும் போய்ச் சொல்லுவியா நைனா?" என்று மட்டும் கேட்டாள். நான் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.

மறுநாளிலிருந்து இதுதான் சார். வாழையிலையில் கட்டி, பேப்பர் சுற்றின பொட்டலம். இதில் யார் பேரும் இல்லை.

வாரங்கள் ஆகிவிட்டன. பெனிட்டா மேடம் கோபம் வைத்துக்கொள்ளவில்லை. பெரியவருக்கு வயசு, கதைக்கும் நெசத்துக்கும் கோடு தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கா தெரியாது! வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மணிக்குக் கதை சொல்லக் கூப்பிடுகிறார். இன்றைக்கு வெள்ளி. அதோ பாருங்க, வாசலில் நின்று கை காட்டுகிறார். வரேன் மேடம், ஒரு நிமிஷம்!

பிள்ளைகள் என்ன கதை கேட்கிறார்கள் தெரியுமா? யானை கதை பழசாகிவிட்டதாம். 'ஜோஷிகாவோட செத்துப்போன தாத்தா' கதைதான் வேண்டுமாம். நான் சொல்ல வேண்டும் சார், என் வாயால். வாரம் ஒரு சாவு. போன வாரம் திமிங்கலம் முழுங்கியது. அதற்கு முந்தின வாரம் கப்பல் சங்கிலியில் மாட்டி சிங்கப்பூர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. இருபத்தொன்பது பிள்ளையும் கண்ணைக் கசக்கும். ஒன்று மட்டும் பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகத்தான் போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உங்கள் பஸ் திரும்புகிறது பாருங்க. ஏறுங்க, ஏறுங்க. இன்றைக்கு எப்படிச் சாகலாம் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன், இன்னும் ஒன்றும் அகப்படவில்லை. இடி விழலாம். பட்டம் தூக்கிக்கொண்டு போகலாம். தண்ணித்தொட்டி மட்டும் வேண்டாம் சார். அதைச் சொன்னால் அந்தப் பிள்ளை சிரிக்காது.